இன்னும் வேணுமா

வியாசர்பாடியில் எங்கள் தெரு பள்ளம்.
ஐப்பசியில் நாலு மணிநேரம் நின்று பெய்தால்
போன தண்ணீர் திரும்பி வரும்
குளியலறை ஓட்டை வழியே, கறுப்பாக,
யாரையும் கேட்காமல்.

அதனால்தான்
ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகையில்
மூத்திரப் பையைத் தூக்கி
தேசிங்கின் வயிற்றின்மேல் ஏசுபாதம் வைத்ததும்
லிஃப்ட் வாசலிலேயே கத்திவிட்டேன்:
“கீழ தொங்கவிடுங்கண்ணே.
பள்ளத்துத் தண்ணி மேட்டுக்கு ஏறினா என்ன ஆகும்னு
எங்க தெருவுக்கு வந்து பாருங்க.”

சிரித்தபடி கட்டில் கம்பியில் மாட்டினார்,
தரையில் படாமல், ஒரு சாண் மேலே.
பையைக் காலிசெய்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.
அது என் தவறு.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர் தேசிங்கு.
லாரி இடித்து, மண்டைக்குள் ரத்தம்.
நாலாம் நாள் மூச்சுக்குழாயை எடுத்தபோது
கைதட்டினோம், டாக்டர் நஸ்ரின்கூட.
கீழே இருந்த குழாயை ஒருவரும் பார்க்கவில்லை.
அது சத்தம் போடாது.
மானிட்டரில் அதற்கென்று ஒரு கோடு கிடையாது.
போர்வைக்குள்
ஆறாம் நாளும் கிடந்தது,
விருந்து முடிந்தும் கிளம்பாத உறவுக்காரர் போல.

போன மாசம் மூணாம் படுக்கை, லூர்துமேரி டீச்சர்.
நுரையீரல் தேறிவிட்டது.
வீட்டுக்குப் போக ரவிக்கைகூட வந்துவிட்டது.
பதினோராம் நாள் குளிர் நடுக்கம்.
கல்ச்சர் தட்டில் முளைத்தது
எங்களில் யார் கையிலிருந்து போனதென்று
தட்டு சொல்லவில்லை.
அன்றிலிருந்து
கட்டைவிரலைத் தனியாகத் தேய்க்கிறேன்.
எல்லோரும் மறப்பது அதைத்தான்.

ராத்திரி ரவுண்ட்ஸ்.
சோடியம், பொட்டாசியம், ஸ்கேனில் வீக்கம் குறைவு,
அடுத்த படுக்கைக்கு நகர்ந்த கால்களிடம் கேட்டேன்:
“ஏழுக்கு யூரின் ட்யூப் இன்னும் வேணுமா மேடம்?”
பயிற்சி டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.
காரணம் எழுதியிருந்த பக்கம்
முதல் நாளோடு நின்றிருந்தது.
“அளவு பாக்கத்தானே...”
“பாட்டில்லயும் அளவு இருக்கு சார்.”
நஸ்ரின் மேடம் என்னைப் பார்த்தார்.
“எடுத்துடுங்க.”

பலூனிலிருந்து பத்து மில்லி, சிரிஞ்சில் முழுசாக.
மூச்சை இழுத்து விடுங்க என்றேன்.
தேசிங்கு சொன்னது
விபத்துக்குப்பின் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.
எழுத முடியாது.

அப்புறம் காத்திருப்பு.
ஆறு மணிநேரத்தில் போகாவிட்டால்
மறுபடி குழாய்தான்.
கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனபாக்கியம்
புருவத்தாலேயே கேட்டாள்: போனாரா?
ஒன்றரைக்கு. இரண்டரைக்கு. மூன்றுக்கு.

குழாயைத் திறந்துவிட்டால் அந்தச் சத்தத்தில் வரும் என்பார்கள்.
திறந்தேன்.
காற்று மட்டும் வந்தது.
மோட்டார் போய்விட்டதாம்.
ஜன்னலுக்கு வெளியே ஊரே நனைகிறது!
கைக்குத் தேய்க்க பாட்டில் மருந்து இருக்கிறது,
சத்தத்துக்கு எங்கே போக?
என் குடிதண்ணீரை எடுத்து
உயரத்திலிருந்து கிண்ணத்தில் ஊற்றினேன்,
டீ ஆற்றுவது மாதிரி, திரும்பத் திரும்ப.
“சிஸ்டருக்குக் கிறுக்கு” என்றார் தேசிங்கு.
சொல்லிவிட்டு, கூச்சத்தோடு,
“திரும்பிக்கோம்மா.”

மூணு நாற்பது. இருநூற்று எண்பது மில்லி.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்,
தெளிவு.
எழுதினேன். கை தேய்த்தேன்.
கண்ணாடி வழியே தலையாட்டினேன்.
தனபாக்கியம் அங்கேயே சுவரில் சாய்ந்து
உட்கார்ந்துவிட்டாள்.

நாலாம் படுக்கைக்கு இது மூன்றாம் நாள்.
அவருக்கு வேண்டும்தான், சிறுநீரகம் தடுமாறுகிறது.
தொடையில் ஒட்டிய பிளாஸ்டர் விட்டிருந்தது.
மாற்றினேன்.
காரணத்தை இன்றைய தேதியில் எழுதினேன்,
நாளைக்கு யாராவது மறுபடி கேட்பதற்கு.

ஐந்து மணிக்கு மழை விட்டது.
வீட்டுக்குப் போன் போட்டேன்.
“உள்ள வந்துச்சா?”
“வாசப்படி வரைக்கும் வந்துச்சு” என்றான் தம்பி,
“ஓட்டையில கோணி அடைச்சிருக்கேன்.”